நடு ராத்திரி நாக்பூர்: டெக்கான் 360 பறந்து ஓய்ந்த கதை

2009-ல் நான் மீனம்பாக்கம் பக்கத்தில் ஒரு சின்ன கார்கோ புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மேசை, வாசலில் ஒரு பிளாட்ஃபார்ம் தராசு, எப்போதும் சூடாகவே இருக்கும் ஒரு பிரிண்டர். பகலெல்லாம் சும்மா கிடக்கும் இடம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் உயிர் பெறும். திருப்பூர் பனியன் சாம்பிள், அம்பத்தூர் ஆட்டோ பாகங்கள், யாரோ ஒருவரின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு என்று எது வந்தாலும் எடை போட்டு, டேப் வைத்து அளந்து, ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) அடித்து, கட்-ஆஃப் நேரத்துக்குள் டெர்மினலுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் மட்டும் போதாது, ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். 'உங்க பெட்டி ஆஃப்லோட் ஆயிடுச்சு.' பயணிகள் பெட்டி அதிகமாகிவிட்டால் முதலில் கீழே இறக்கப்படுவது எங்கள் சரக்குதான்.

அதனால்தான் டெக்கான் 360 என்ற பெயர் காதில் விழுந்தபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். பயணியே இல்லாத விமானம், முழுக்க முழுக்கச் சரக்குக்கு மட்டும். ஆரம்பிப்பவரோ ஏர் டெக்கான் கோபிநாத்!

கேப்டன் கோபிநாத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அவர் வாழ்க்கையைத் தழுவி தமிழில் படமே வந்துவிட்டது. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் நிறைய பேருக்கு, ஏர் டெக்கான் கைமாறியதற்குப் பிறகு அந்த மனிதர் இன்னொரு விமான நிறுவனம் ஆரம்பித்தார் என்பதே தெரியவில்லை. ஹாசன் மாவட்டம் கோரூர்க்காரர், ராணுவத்தில் எட்டு வருஷம், 1971 போரைப் பார்த்தவர். ஹேமாவதி அணையில் குடும்ப நிலம் மூழ்க, அரசு கொடுத்த மாற்று நிலத்தில் விவசாயமும் பட்டு வளர்ப்பும் செய்தார். 1997-ல் ஹெலிகாப்டர் கம்பெனி, 2003-ல் ஏர் டெக்கான், ஒரு ரூபாய் டிக்கெட். 2007-ல் கிங்ஃபிஷர் அதில் 26 சதவீதம் வாங்கியது, அடுத்த வருஷம் இரண்டும் ஒன்றாகிவிட்டன, டெக்கான் என்ற பெயரே ஆகாயத்திலிருந்து மறைந்தது. வேறு யாராக இருந்தாலும் கையில் வந்த பணத்தோடு ஊர்ப்பக்கம் போயிருப்பார்கள். இவர் 2009-ல் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து டெக்கான் கார்கோ அண்ட் எக்ஸ்பிரஸ் லாஜிஸ்டிக்ஸ் என்ற கம்பெனியை ஓடவிட்டார். வெளியில் தெரிந்த பெயர்தான் டெக்கான் 360.

திட்டம் எளிமையானது, அழகானதும்கூட. இந்தியாவின் நடுவில் நாக்பூர் இருக்கிறது. பெரிய நகரங்களிலிருந்து ராத்திரி சரக்கு விமானங்கள் கிளம்பி நடுநிசி வாக்கில் நாக்பூரில் வந்து கூட வேண்டும். அங்கே எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, மறுபடி ஏற்றி, விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். எட்டு ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 28 பாதை வேண்டும். நடுவில் ஒரு ஹப், அதாவது எல்லாம் வந்து கூடும் மையம், வைத்தால் எட்டே பாதை போதும். பெரிய ஊர்களுக்கு மூன்று ஏர்பஸ் ஏ310 சரக்கு விமானங்கள், சின்ன ஊர்களுக்கு ஏடிஆர் என்ற சிறிய விமானங்கள், அதற்கும் கீழே லாரியும் வேனும். அமெரிக்காவில் ஃபெடெக்ஸ் என்ற கூரியர் கம்பெனி மெம்ஃபிஸ் நகரத்தை வைத்துச் செய்ததை இந்தியாவில் நாக்பூரை வைத்துச் செய்வது, அதுதான் கனவு.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் நாக்பூரில் நடுநிசியில் விமானங்கள் கூடுவது நம் நாட்டில் முதல் முறை இல்லை. ஃபெடெக்ஸ் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கும் முன்பே நாம் அதைச் செய்திருக்கிறோம்!

1949 ஜனவரி 30. காந்தி இறந்து சரியாக ஒரு வருஷம். அன்றைக்குத்தான் ராத்திரி விமானத் தபால் சேவை ஆரம்பமானது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் நான்கு ஊரிலிருந்தும் ராத்திரி விமானம் கிளம்பும். நான்கும் நாக்பூரில் வந்து இறங்கும். தபால் மூட்டைகள் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும், கூடவே வந்த பயணிகளும் மாறுவார்கள், அப்புறம் நான்கும் வந்த வழியே திரும்பிப் போகும். விடியும்போது டெல்லிக் கடிதம் மதராஸில் இருக்கும். அதே வருஷம் ஏப்ரலிலிருந்து, கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமலே சாதாரணக் கடிதத்தையும் விமானத்தில் அனுப்பும் ஏற்பாடு வந்தது. அப்போது தபால் துறையைக் கவனித்தவர் ரஃபி அகமது கித்வாய். சுதந்திரம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத, அரிசிக்கும் துணிக்கும் ரேஷன் போட்ட ஒரு நாடு, எக்ஸ்ட்ரா தபால்தலை இல்லாமல் ஒரு ஏழையின் கடிதத்தைக்கூட விமானத்தில் ஏற்றியது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அந்தச் சேவையை முதலில் ஓட்டியது இந்தியன் ஓவர்சீஸ் ஏர்லைன்ஸ் என்ற சின்னக் கம்பெனி. அது சில மாதத்திலேயே தாக்குப்பிடிக்காமல் போக, ஹிமாலயன் ஏவியேஷன் எடுத்தது, பிறகு ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் கைக்கு வந்தது. (இந்த டெக்கானுக்கும் அந்த டெக்கானுக்கும் பெயர் தவிர வேறு உறவு கிடையாது. ஆனால் பாருங்கள், அதே பெயர், அதே ஊர், அதே நடுநிசி.) 1953-ல் அரசு உள்நாட்டு விமானக் கம்பெனிகளையெல்லாம் எடுத்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது இந்தச் சேவையும் அதற்குள் போனது. ராத்திரி வேளையில், டகோட்டா விமானத்தில், இன்று இருக்கும் கருவிகளில் பத்தில் ஒன்றுகூட இல்லாமல் பறந்தவர்கள் அவர்கள். அதே 1953 டிசம்பரில் நாக்பூரிலிருந்து கிளம்பிய டகோட்டா ஒன்று ஏறின கொஞ்ச நேரத்திலேயே விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் சேவை நிற்கவில்லை. டகோட்டா போய் ஸ்கைமாஸ்டர் வந்தது, எழுபதுகள் வரைக்கும் ஓடியது.

எங்கள் வீட்டில் பாட்டி இதைப் பற்றிச் சொல்வார்கள். பாட்டியின் அண்ணன் டெல்லியில் குமாஸ்தா. 'சாயங்காலம் அண்ணா போஸ்ட் பண்ணினா மறுநாள் காப்பி குடிக்கிறதுக்குள்ள லெட்டர் வந்துடும்' என்பார்கள். நான் சின்ன வயதில் அதை நம்பவில்லை. ரயிலே இரண்டு ராத்திரி போகும் தூரம், எப்படி ஒரே ராத்திரியில் வரும்? நாக்பூர் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாட்டி சொன்னது நிஜம் என்று புரிந்தது, ஆனால் அதைச் சொல்ல அப்போது பாட்டி இல்லை.

சரி, டெக்கான் 360-க்கு வருவோம்.

எங்கள் ஆபீஸை நடத்தியவர் நாமக்கல்காரர். குடும்பத் தொழில் லாரி. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஏ310 வரப்போகிறது, இனி ஆஃப்லோட் என்ற பேச்சே இருக்காது என்று நான் துள்ளிக்கொண்டு சொன்னபோது, அவர் தராசில் கிடந்த பெட்டியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

'ரிட்டன் லோடு இருக்கா தம்பி?'

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. திரும்பி வரும்போதும் ஏற்றச் சரக்கு உண்டா என்ற கேள்வி லாரிக்குச் சரி, ஏரோப்ளேனுக்குமா என்று நினைத்தேன்.

இப்போது யோசித்தால் மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஏ310 சரக்கு விமானம் ஏறத்தாழ 39 டன் தூக்கும். சராசரியாக ஒரு பார்சல் மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு விமானத்தை நிரப்ப 13,000 பார்சல் வேண்டும். போகும்போது 13,000, வரும்போது 13,000. ஒவ்வொரு ராத்திரியும். மழை பெய்தாலும், பந்த் என்றாலும், தீபாவளிக்கு மறுநாள் ஊரே கடையைச் சாத்தியிருந்தாலும். பார்சல் இருக்கிறதோ இல்லையோ, விமானம் போயே ஆக வேண்டும், ஏனென்றால் நாக்பூரில் மற்ற விமானங்கள் இதற்காகக் காத்திருக்கும். ஒரு விமானம் வராவிட்டால் மொத்த வலையும் கிழிந்துவிடும். லாரிக்காரர் லோடு சேரும்வரை ஒரு நாள் பொறுத்துக் கிளம்பலாம், ஹப் வைத்து ஓட்டும் விமானக் கம்பெனிக்கு அந்த வசதி கிடையாது.

தபால் விமானத்துக்கு இந்தக் கஷ்டம் வரவில்லை. மூட்டைகள் ஏற்கெனவே தபால் ஆபீஸ்களில் குவிந்து கிடந்தன, அதைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. அதோடு கடிதம் என்ற சரக்கின் குணத்தைப் பாருங்கள், போட்ட கடிதத்துக்குப் பதில் வரும். அதை விட நல்ல ரிட்டன் லோடு உலகத்தில் உண்டா? பெட்டிகள் அப்படி இல்லை. திருப்பூர் பனியன் டெல்லிக்குப் போகும், டெல்லியிலிருந்து திருப்பூருக்கு அதே எடைக்கு என்ன வரும்?

இன்னொன்று, பெட்டியின் அளவு. இதை வெளியாட்கள் கவனிக்க மாட்டார்கள், நாங்கள் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டுவோம். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள ஒரு அட்டைப்பெட்டி. மூன்றையும் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 16 வரும். உள்ளே பனியன் ஒன்பது கிலோதான் என்றாலும் பில் 16 கிலோவுக்குத்தான் போடுவோம், ஏனென்றால் விமானத்தில் எடை தீர்வதற்கு முன்னால் இடம் தீர்ந்துவிடும். கஸ்டமர் சண்டைக்கு வருவார். 'ஒம்போது கிலோ சரக்குக்கு எதுக்குய்யா பதினாறு?' அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள், அவர் மனசுக்குள் லாரி வாடகையோடு கணக்குப் போட்டு முடித்திருப்பார். மூன்று நாள் தாமதமானாலும் பரவாயில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இந்தியாவில் சரக்கு அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் வேகத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் அல்ல. நேரம் முக்கியம் என்பார்கள், ரேட்டைச் சொன்னதும் நேரம் அவ்வளவு முக்கியம் இல்லாமல் போய்விடும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் லாபமே அந்த நாலு ரூபாயில்தான் இருக்கிறது.

ஹப் கணக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. சென்னையிலிருந்து பெங்களூருக்கு 350 கிலோமீட்டர், ராத்திரி கிளம்பும் லாரி விடிவதற்குள் போய்விடும். அந்தப் பெட்டியை நாக்பூருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதில் அர்த்தமே இல்லை. மும்பை-புனே, டெல்லி-ஜெய்ப்பூர், சென்னை-கோவை எல்லாமே அப்படித்தான். தங்க நாற்கரச் சாலை வந்த பிறகு லாரியின் கை இன்னும் நீண்டது. ஆக விமானத்துக்கு மிஞ்சுவது டெல்லி-சென்னை, மும்பை-கொல்கத்தா போன்ற நீண்ட தூரங்கள் மட்டும். அங்கே போனால் பயணிகள் விமானம் நிற்கிறது! நாள் முழுக்க மணிக்கு ஒன்று பறக்கிறது. அதன் பெல்லியில், அதாவது பயணிகளின் காலுக்குக் கீழே உள்ள அறையில், இடம் சும்மா கிடக்கிறது. எரிபொருள் செலவை டிக்கெட் வாங்கியவர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். அதனால் கார்கோவில் எது வந்தாலும் அவர்களுக்கு லாபம்தான், என்ன ரேட்டுக்கும் தருவார்கள். ஆஃப்லோட் ஆனாலும், மறுநாள் போனாலும், நாங்களே திரும்பத் திரும்ப அந்த பெல்லியில்தான் புக் பண்ணினோம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அதுதான் நடந்தது. சரக்கு விமானம் வேண்டும் வேண்டும் என்று பேசிக்கொண்டே, ராத்திரி எட்டு மணிக்கு எந்த ரேட் குறைவோ அதற்குத்தான் பில் அடித்தோம்.

இந்த பெல்லியை மலிவாக்கி நாடு முழுக்கப் பறக்கவிட்டதில் கோபிநாத்துக்கே பெரிய பங்கு உண்டு. ஏர் டெக்கான் வந்த பிறகுதான் மலிவு விலை விமானங்கள் பெருகின, சின்ன ஊர்களுக்கும் போயின, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கூடவே சரக்கு இடமும் பெருகியது. அவர் திறந்துவிட்ட கதவு வழியாக வந்த காற்றே அவருடைய இரண்டாவது விளக்கை அணைத்துவிட்டது என்பதில் எனக்குத் தனியாக ஒரு வருத்தம் இருக்கிறது.

அப்புறம் எண்ணெய். 2008 கடைசியில் கச்சா எண்ணெய் பீப்பாய் 40 டாலர் பக்கம் விழுந்து கிடந்தது. 2011 ஏப்ரலில், லிபியா கலவரத்தின் நடுவே, பிரெண்ட் ரகக் கச்சா எண்ணெய் 120 டாலரைத் தாண்டியது. விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் போட்ட விற்பனை வரி அதன் மேல், தமிழ்நாட்டில் அப்போது 29 சதவீதம். புதுக் கம்பெனியின் முதல் இரண்டு வருஷம் எப்படியும் நஷ்டம்தான், அதற்குத் தயாராகத்தான் வருவார்கள். ஆனால் தயார் செய்த பணத்தை எரிபொருளே குடித்துவிட்டால்? 2010-ல் ரிலையன்ஸ் 26 சதவீதப் பங்கு வாங்கியதாகச் செய்தி வந்தபோது எங்கள் ஆபீஸில் எல்லோரும் இனிக் கவலையில்லை என்றோம். அண்ணன் மட்டும் பேசவில்லை. 2011-ல் விமானங்கள் நின்றன. 2013-ல், பாக்கி வர வேண்டிய நிறுவனங்கள் போட்ட வழக்கில், கர்நாடக உயர் நீதிமன்றம் கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது.

இந்திய ஆகாயத்தில் சரக்கு விமானக் கம்பெனிகளின் சமாதிகள் நிறைய. ஃபோக்கர் எஃப்27 வைத்திருந்த எல்பீ, லுஃப்தான்சாவோடு சேர்ந்து போயிங் 727 ஓட்டிய ஹிந்துஜா கார்கோ, நம் சென்னையைச் சேர்ந்த கிரசெண்ட் ஏர் கார்கோ, ஆர்யன் கார்கோ. இதில் தப்பித்து நிற்பது புளூ டார்ட். அதன் விமானப் பிரிவின் தலைமையிடம் நம் சென்னையில்தான் இருக்கிறது. அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தால் விஷயம் வருஷக் கணக்கிலேயே தெரிகிறது. கூரியர் ஆரம்பித்தது 1983, சொந்த விமானம் பறந்தது 1996. பதின்மூன்று வருஷம் பையையும் பெட்டியையும் சேர்த்தார்கள், மற்றவர் விமானத்தில் அனுப்பினார்கள், ஆஃப்லோட் தொல்லையை அனுபவித்தார்கள், தினமும் ராத்திரி இவ்வளவு கிலோ நிச்சயம் என்று கையில் கணக்கு வந்த பிறகுதான் விமானத்துக்குக் கை வைத்தார்கள். ஃபெடெக்ஸும் முதல் ராத்திரி, 1973 ஏப்ரல் 17 அன்று, பறக்கவிட்டது பதினான்கு குட்டி ஃபால்கன் விமானங்களை. அன்று 25 ஊர்களுக்கு மொத்தம் 186 பார்சல். ஒரு வேனில் அடங்கிவிடும் சரக்கு. அவர்களும் வருஷக்கணக்கில் நஷ்டத்தில்தான் ஓடினார்கள், ஆனால் குட்டி விமானத்தின் நஷ்டமும் குட்டியாக இருந்தது. பிற்பாடு வளர்ந்து ஏ310-ஐ வாங்கிக் குவித்தார்கள். டெக்கான் 360 ஆரம்பத்திலேயே ஏ310-ஐ வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சரக்கு தேடியது.

கோபிநாத்தின் தைரியத்தின் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் ஒரு சொட்டும் குறையவில்லை. நாக்பூரைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை, ராத்திரியைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை. இன்றைக்கு ஆன்லைனில் செருப்பு முதல் பிரிண்டர் வரை வாங்கும் கூட்டம் 2009-ல் இருந்திருந்தால் அந்த மூன்று ஏ310-ம் நிரம்பி வழிந்திருக்கும். 2023-ல் அமேசான் இங்கே சரக்கு விமானம் விட்டது, அதற்குள் அவர்கள் கிடங்குகளில் பெட்டிகள் மலையாகக் கிடந்தன. பெட்டி முதலில், விமானம் பிறகு. நாமக்கல்லில் முதல் லாரி வாங்கும் எந்தப் பையனிடமும் அவன் அப்பா இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

நான் 2012-ல் அந்த ஆபீஸை விட்டு வந்துவிட்டேன். போன வருஷம் டெல்லியிலிருந்து சென்னைக்கு ராத்திரி விமானத்தில் வந்தேன். கிளம்பி ஒரு மணி நேரம் போல ஆனதும் கீழே ஒரு பெரிய ஊரின் விளக்குகள் தெரிந்தன, சீட் திரையிலிருந்த வரைபடத்தில் நாக்பூர் என்று காட்டியது. மணி பதினொன்றரை. ஓடுதளம் தெரிகிறதா என்று ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. டெல்லியில் ஏறும்போதே கவனித்திருந்தேன், பெல்லிக்குள் கூரியர் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவை எல்லாம் என் காலுக்குக் கீழே, நாக்பூரில் இறங்காமல், நேராகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தன.